கேலப் லவ் கிளம்பிட்டான்: கோபப்படுறதா, கும்பிட்டு அனுப்புறதா?

கேரி_கணேசன் | 27 மார்ச் 2023, மாலை 6:12

மீட்டிங்ல உக்காந்திருந்தேன். மேசை மேல போன் அதிருச்சு. எட்டாவது படிக்கிற பையன் அனுப்பினது ரெண்டே வார்த்தை: "அப்பா, போயிட்டான்." யாருன்னு நான் கேட்கவே இல்ல.

நம்ம நார்த் கரோலினா யூனிவர்சிட்டி பாஸ்கெட்பால் அணியோட கேலப் லவ், காலேஜ் மாறப் போறவங்க பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்டல்ல பேர் கொடுத்துட்டான். மூணு வருஷம் இங்க சேப்பல் ஹில் கேம்பஸ்ல ஆடினவன், நாலாவது வருஷத்தை வேற காலேஜுக்கு ஆடப் போறான். எங்கன்னு இன்னும் தெரியாது.

கிரிக்கெட் மட்டும் பாக்குறவங்களுக்காக ஒரு சின்ன முன்கதை. 2022 ஏப்ரல் 2, நியூ ஆர்லியன்ஸ், ஃபைனல் ஃபோர், அதாவது அரையிறுதி. நார்த் கரோலினாவும் டியூக்கும் பத்து மைல் தள்ளி இருக்குற பங்காளிங்க. வருஷா வருஷம் அடிச்சுக்குவாங்க, ஆனா நாடு முழுக்க காலேஜ் அணிங்க மோதுற என்.சி.ஏ.ஏ. டோர்னமென்ட்ல அதுவரைக்கும் ஒரு தடவை கூட எதிரெதிரா வந்ததில்ல. அதுவும் டியூக்ல 42 சீசன் கோச்சா இருந்த கோச் கே ஓய்வு பெறப் போற வருஷம். 25 செகண்ட் பாக்கி, நம்ம ஒரே ஒரு புள்ளி முன்னாடி. எதிர்ல மார்க் வில்லியம்ஸ், ஏழடி ஆளு. கேலப் ஒரு அடி பின்னால கூட எடுத்து வைக்கல, அவன் கை மேலேயே தூக்கி ஒரு த்ரீ, தூரத்துல இருந்து போடுற மூணு புள்ளி ஷாட், போட்டான். 78-74. முடிவுல 81-77. அவன் மட்டும் 28 புள்ளி. கோச் கே அதோட வீட்டுக்குப் போனாரு.

அன்னிக்கு ராத்திரி பையனைக் கூட்டிக்கிட்டு, ரசிகருங்க கொண்டாடக் கூடுற ஃபிராங்க்ளின் ஸ்ட்ரீட் போனேன். கார் நிறுத்த இடமில்ல, பக்கத்து ஊர் கார்பரோவுல விட்டுட்டு நடந்தோம். மறுநாளே 2ம் நம்பர் ஜெர்சி வாங்கியாச்சு. இன்னிக்கு அது வாஷிங் மெஷின் மேல சுருண்டு கெடக்கு, "இனிமே போட மாட்டேன்"ங்கிறான்.

எனக்கே என்ன நினைக்கிறதுன்னு தெரியல. நீங்க சொல்லுங்க.

தார்க்கால்_தமிழன் | 27 மார்ச் 2023, மாலை 6:31

போகட்டும் அண்ணே. கதவைச் சாத்திட்டுப் போகச் சொல்லுங்க.

நீங்க ஏப்ரல் 2 மட்டும் சொல்றீங்க. ரெண்டு நாள் கழிச்சு ஏப்ரல் 4 யாரு சொல்றது? கன்சாஸ் கூட ஃபைனல். பாதி ஆட்டத்துல 40-25 நம்ம முன்னாடி. தோத்தது 72-69. நம்ம தலைவர் 24 தடவை போட்டு 5 தான் உள்ள. கடைசி ஷாட்டும் அவர் கையில இருந்துதான் போச்சு, வளையத்துக்கும் வலிக்கல.

இந்த வருஷம் என்ன ஆச்சு? சீசன் ஆரம்பிக்கும்போது நாட்டுலயே நம்பர் 1 நம்மதான். முடிவுல 20 ஜெயிப்பு, 13 தோல்வி, டோர்னமென்டுக்குக் கூப்பிடவே இல்ல. 1985ல 64 அணி ஆனதுக்கு அப்புறம் இந்தப் பெருமை வேற எந்த நம்பர் 1க்கும் கிடைச்சதில்ல. சராசரி 16.7 புள்ளின்னு பெருமையா சொல்லிக்குவான், ஆனா த்ரீ நூத்துக்கு முப்பது கூட உள்ள போகல. நம்ம நெட்டை ஆளு பேகாட் வளையத்துக்கிட்ட கை தூக்கிக்கிட்டு நிக்கிறான், இவன் 25 அடியில இருந்து எறியுறான். எத்தனை ராத்திரி டிவி முன்னாடி கத்தியிருப்பேன்!

மாலதி_அக்கா | 27 மார்ச் 2023, இரவு 7:05

தம்பி, அந்தப் பையனுக்கு வயசு 21. என் பொண்ணும் அங்கதான் படிக்கிறா. கேன்டீன் வரிசையில அவன் பின்னாடி நின்னிருக்கா. தோத்த மறுநாள் அவன் தலை குனிஞ்சுக்கிட்டே போனானாம், சுத்தி இருந்தவங்க எல்லாரும் போனையே பாத்துக்கிட்டு நின்னாங்களாம். அந்தப் போன்ல யாரைத் திட்டிக்கிட்டிருந்தாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

டர்ஹம்_டேவிட் | 27 மார்ச் 2023, இரவு 7:20

டியூக் ஆளா வந்து நிக்கிறேன், அடிக்காதீங்க.

உங்களுக்கு அவனைப் பிடிக்கலன்னா பரவாயில்ல. எங்க வீட்ல அவன் பேரைச் சொன்னா இன்னும் சாப்பாடு இறங்காது. அந்த ஷாட்டுக்கு நாலு வாரம் முன்னாடி, எங்க அரங்கம் கேமரன்ல கோச் கேவோட கடைசி ஹோம் ஆட்டம். பழைய பிளேயர்ஸ் எல்லாம் விழா எடுக்க வந்து வரிசையா உக்காந்திருக்காங்க. அதுலயும் 94-81ன்னு வந்து கெடுத்துட்டுப் போனீங்க. கல்யாண வீட்ல பந்தலைப் பிரிச்ச மாதிரி.

அவனை வேணாம்னு சொல்ற ஒரே கூட்டம் இந்த உலகத்துல நீங்கதான். எடுத்துக்கிட்டுப் போங்க, எவ்வளவு தூரமா முடியுமோ அவ்வளவு தூரம்.

ஸ்காபரோ_சுதன் | 27 மார்ச் 2023, இரவு 8:02

எனக்கொரு விசயம் விளங்கேல்லை. நான் இஞ்ச டொரொண்டோவில என்.பி.ஏ. அணி ராப்டர்ஸ் மட்டும் பாக்கிற ஆள். ஒரு பெடியன் ஒரு கம்பஸில இருந்து இன்னொரு கம்பஸுக்குப் போறான். அதுக்கேன் எல்லாரும் செத்தவீடு மாதிரி குந்திக்கொண்டிருக்கிறியள்? கவாய் லெனர்ட் 2019இல எங்களுக்குக் கப் எடுத்துத் தந்திட்டு அடுத்த மாதமே போனவர். நாங்கள் நன்றி சொல்லித்தான் அனுப்பினனாங்கள்.

உந்தப் போர்டல் எண்டது என்ன சாமான்? ஆராவது சொல்லுங்கோ.

பழைய_பெஞ்ச் | 27 மார்ச் 2023, இரவு 9:15

சுதன், போர்டல் என்றால் மாயக் கதவு போல ஏதோ ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு டேட்டாபேஸ், அவ்வளவுதான். மாணவன் தன் கல்லூரியிடம் "பெயரைப் போடுங்கள்" என்பான். கல்லூரி போட்டாக வேண்டும். பெயர் ஏறியதும் மற்ற கோச்சுகள் அவனிடம் பேசலாம். 2018 அக்டோபரில் தொடங்கியது.

நான் தொண்ணூறுகளில் சேப்பல் ஹில்லில் ஆராய்ச்சி மாணவன். அப்போதும் மாறினார்கள், ஆனால் மாறினால் ஒரு முழு வருடம் ஆடாமல் பெஞ்சில் உட்கார வேண்டும். அது தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, "படிப்பில் நிலைப்படுவதற்கு" என்றார்கள். அதே நேரத்தில் கோச் மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக வேறு கல்லூரிக்குப் போய், மறுநாள் காலையில் அங்கே தொப்பி மாட்டிக்கொண்டு சிரிக்கலாம். அவருக்குப் படிப்பில் நிலைப்படத் தேவை இல்லை போலிருக்கிறது.

2021இல் இரண்டு காரியம் நடந்தது. ஏப்ரலில், முதல் முறை மாறுகிறவன் உட்காரத் தேவையில்லை என்று விதி மாறியது. ஜூலை 1 முதல் தன் பெயரையும் முகத்தையும் வைத்து மாணவன் சம்பாதிக்கலாம் என்றானது. அதைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள். இந்த இரண்டும் சேர்ந்த பிறகு, போகாதவன்தான் ஆச்சரியம்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். டியூக்கை வீழ்த்திய அதே அணியில் பிரேடி மானெக் என்று தாடிக்காரர் ஒருவர் இருந்தாரே, அவர் எங்கிருந்து வந்தார்? நான்கு வருடம் ஓக்லஹோமாவில் ஆடிவிட்டு வந்தவர். அவரை நாம் "எங்கள் ஆள்" என்று தோளில் தூக்கவில்லையா? ஓக்லஹோமாவில் எத்தனை பேர் டிவியை அணைத்திருப்பார்கள்? வருகிறவன் மாப்பிள்ளை, போகிறவன் ஓடுகாலியா?

தார்க்கால்_தமிழன் | 27 மார்ச் 2023, இரவு 9:34

மானெக் விஷயம் வேற சார். அவர் அங்க நாலு வருஷம் முழுசா ஆடினவர், கோச்சும் மாறிட்டார், கொரோனாவுக்காகக் கொடுத்த கூடுதல் ஒரு வருஷத்தை இங்க கழிக்க வந்தார். இவன் கப்பலை ஓட்டை போட்டுட்டு இறங்கி ஓடுறான். ரெண்டும் ஒண்ணா?

பழைய_பெஞ்ச் | 27 மார்ச் 2023, இரவு 9:41

கப்பலை ஒருவனே ஓட்டை போட்டானா? வாக்கர் கெஸ்லரை ஞாபகம் இருக்கிறதா? 2021இல் நம்மிடம் முதல் வருடம், பெஞ்சில் அதிக நேரம். ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனார், ஒரே வருடத்தில் என்.பி.ஏ. அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றிலேயே எடுத்தார்கள். அப்போதும் இதே குழுவில் "போகட்டும்" என்றுதான் எழுதினீர்கள்.

தார்க்கால்_தமிழன் | 27 மார்ச் 2023, இரவு 9:44

பழைய பதிவை எல்லாம் தோண்டி எடுக்குறது நல்ல பழக்கம் இல்ல சார்.

கேரி_கணேசன் | 27 மார்ச் 2023, இரவு 10:10

சிரிச்சுட்டேன்.

பெஞ்ச் சார் சொல்றது புரியுது. நானே பத்து வருஷத்துல நாலு கம்பெனி மாறியிருக்கேன். ஒரு இடத்துல பாதி புராஜெக்ட்ல கிளம்பினேன், மேனேஜர் கை கூடக் கொடுக்கல. ஆனா என் பேர் போட்ட சட்டையை எந்தக் குழந்தையும் போட்டுக்கிட்டுத் தூங்கினதில்ல.

நடத்துநர் | 28 மார்ச் 2023, காலை 8:00

அந்தப் பையனோட குடும்பத்தை இழுத்த ரெண்டு பதிவைத் தூக்கியிருக்கேன். அவன் ஷாட்டைத் திட்டுங்க, நூத்துக்கு முப்பதைத் திட்டுங்க. அம்மாவைத் தொட்டா உங்க பேரையும் போர்டல்ல போட்டுருவேன்.

மாலதி_அக்கா | 28 மார்ச் 2023, காலை 8:40

நன்றி தம்பி.

யாருமே பேசாத ஒண்ணைக் கேக்குறேன். மூணு வருஷப் படிப்பை முடிச்சவன் நாலாவது வருஷத்துக்கு வேற யூனிவர்சிட்டி போறான்னா, அவன் எடுத்த பாடம் எல்லாம் அங்க செல்லுமா? என் அண்ணன் பொண்ணு ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டில இருந்து இன்னொண்ணுக்கு மாறினப்போ பாதி கிரெடிட்டை "எங்க பாடத்திட்டத்துல இது இல்ல"ன்னு கழிச்சுட்டாங்க. ஒரு வருஷம் கூடுதலாப் போச்சு. பந்து எங்க போட்டாலும் அதே பந்துதான், பாடம் அப்படி இல்ல.

தார்க்கால்_தமிழன் | 28 மார்ச் 2023, காலை 8:52

அக்கா, இவங்களுக்கு எல்லாம் பாடம் ஒரு பிரச்சினையா இருக்கும்னு நினைக்கிறீங்களா? கோச் ஒரு போன் போட்டா முடிஞ்சுது.

கேரி_கணேசன் | 8 ஏப்ரல் 2023, காலை 9:30

மிச்சிகனாம். முடிவாயிடுச்சு.

ஸ்டைல்ஸ், நிக்கல், டன், பஃப் ஜான்சன்னு நம்ம பெஞ்சே காலி. கிளம்பினவங்களை வச்சே ஒரு அணி இறக்கலாம். ஆனா பேகாட் அஞ்சாவது வருஷத்துக்கு இருக்கான், ஆர்.ஜே. டேவிஸும் இருக்கான். பையன் இப்போ 4ம் நம்பர் ஜெர்சி கேக்குறான். பொங்கலுக்குப் பாக்கலாம்னு சொல்லி வச்சிருக்கேன்.

மாலதி_அக்கா | 18 மே 2023, மாலை 5:15

நான் அப்பவே கேட்டேனா இல்லையா? மிச்சிகன் போகலையாம். அட்மிஷன்ல சிக்கல், இங்க எடுத்த கிரெடிட் அங்க போதுமான அளவு ஏறலன்னு செய்தி வந்திருக்கு. கோச் போன் போட்டாரா தமிழன் தம்பி?

தார்க்கால்_தமிழன் | 18 மே 2023, மாலை 5:40

அக்கா கால்ல விழுறேன்.

பீனிக்ஸ்_பிரபா | 31 மே 2023, இரவு 10:05

வணக்கம். புதுசா வந்திருக்கேன், அரிசோனா ரசிகை. சாண்ட்லர்ல சிப் கம்பெனி ஒண்ணுல வேலை, சனிக்கிழமைன்னா டூசானுக்கு ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டுப் போய் ஆட்டம் பாக்குற பைத்தியம். உங்க கேலப் லவ் எங்ககிட்ட வர்றான்.

அவனைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்களேன்னு தேடிட்டு வந்தா இந்த இழை கிடைச்சுது. முழுசாப் படிச்சேன். இப்போ கொஞ்சம் பயமா இருக்கு.

கேரி_கணேசன் | 31 மே 2023, இரவு 10:30

வாங்க பிரபா. நேர்மையா ஒண்ணு சொல்றேன். 2022 டோர்னமென்ட்ல யு.சி.எல்.ஏ. கூட முதல் பாதியில வெறும் 3 புள்ளி. இடைவேளையில ஷூவை மாத்திட்டு வந்தான். ரெண்டாம் பாதியில 27. அந்த 27ம் நிஜம், அந்த 3ம் நிஜம். எந்த ஷூவோட இறங்குவான்னு யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

நல்லாப் பாத்துக்கோங்க.

டர்ஹம்_டேவிட் | 10 நவம்பர் 2023, இரவு 10:02

எவ்வளவு தூரமா முடியுமோ அவ்வளவு தூரம்னு கேட்டேன். ரெண்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் அனுப்பினீங்க. இன்னிக்கு அரிசோனா சட்டை போட்டுக்கிட்டு எங்க கேமரனுக்கே திரும்ப வந்து நிக்கிறான். கூட்டமே அவன் பேரைச் சொல்லிக் கத்துது. 78-73, எங்களுக்குத் தோல்வி.

எனக்கு மட்டும் ஏன்?

தார்க்கால்_தமிழன் | 10 நவம்பர் 2023, இரவு 10:09

இன்னிக்கு மட்டும், இன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் மட்டும், அவன் நம்ம பையன்.

ஸ்காபரோ_சுதன் | 10 நவம்பர் 2023, இரவு 10:15

ஓடுகாலி எண்டியள். இப்ப நம்ம பையனோ? நல்ல சனங்களப்பா நீங்கள்.

பீனிக்ஸ்_பிரபா | 24 மார்ச் 2024, காலை 11:20

எல்லாரும் பிராக்கெட், அதான் டோர்னமென்ட் அட்டவணை, பாத்தீங்களா? மேற்குப் பக்கம் நம்பர் 1 நார்த் கரோலினா, நம்பர் 2 அரிசோனா. நேத்து ரெண்டு பேரும் ஜெயிச்சாச்சு. வியாழக்கிழமை லாஸ் ஏஞ்சலஸ்ல நீங்க அலபாமா கூட, நாங்க கிளெம்சன் கூட. ரெண்டு பேரும் ஜெயிச்சா சனிக்கிழமை அதே தரையில நேருக்கு நேர். ஃபைனல் ஃபோருக்கான ஆட்டம்!

கேலப் எங்களுக்கு 18 புள்ளி சராசரி, எங்க பேக்-12 லீக்ல இந்த வருஷத்து சிறந்த வீரன். உங்க ஆர்.ஜே. டேவிஸ் உங்க ஏ.சி.சி. லீக்ல சிறந்த வீரன். மூணு வருஷம் தோளோட தோள் நின்ன ரெண்டு கார்டுங்க. பிரிஞ்ச பிறகுதான் ரெண்டு பேரும் மலர்ந்தாங்க. தனிக்குடித்தனம் போன அண்ணன் தம்பி மாதிரி.

பந்தயம் கட்டுறேன் கணேசன் அண்ணா. சனிக்கிழமை தோக்குறவங்க மத்தவங்களுக்கு பிரியாணி.

கேரி_கணேசன் | 24 மார்ச் 2024, காலை 11:45

சரி. மட்டன். நீங்க தோத்தா இங்க வந்து வாங்கித் தரணும், வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் செல்லாது.

தமிழன், பாத்தியா? அவன் போனது நமக்கும் நல்லதுதான் பண்ணியிருக்கு. ஸ்டான்ஃபோர்டுல இருந்து ஹாரிசன் இங்ரம் வந்தான், நோட்ரடேம்ல இருந்து கார்மக் ரயன் வந்தான். ரெண்டு பேரும் அதே போர்டல் வழிதான். பந்து கை மாறி மாறி ஓடுது. லீக் பட்டம் நமக்கு.

தார்க்கால்_தமிழன் | 24 மார்ச் 2024, மதியம் 12:03

பாத்தேன். நான் சொன்னதும் அதானே? அவன் போனா அணி நல்லாகும்னு. ஆனா அவன் போனா அவனும் நல்லா ஆவான்னு நான் கணக்குப் போடல, அது உண்மை.

மிச்சிகன் இந்த வருஷம் 8 ஜெயிப்பு, 24 தோல்வி, கோச் வேலையும் போச்சு. அந்தக் கிரெடிட் மட்டும் ஏறியிருந்தா இப்போ எங்க நின்னிருப்பான்? மாலதி அக்கா சொன்ன பாடம்தான் அவனைக் காப்பாத்தியிருக்கு.

டர்ஹம்_டேவிட் | 24 மார்ச் 2024, மதியம் 12:30

நார்த் கரோலினாவா, கேலப் லவ்வா. யாரு ஜெயிச்சாலும் எனக்கு வயித்தெரிச்சல். ரெண்டு பேரும் தோக்குற மாதிரி ஒரு சனிக்கிழமை கிடைக்காதா?

பீனிக்ஸ்_பிரபா | 28 மார்ச் 2024, இரவு 8:50

ஷூ மாத்தச் சொல்லுங்க யாராவது.

பீனிக்ஸ்_பிரபா | 28 மார்ச் 2024, இரவு 9:28

77-72. கிளெம்சன். கேலப் 18க்கு 5. த்ரீ 9க்கு 0. ஒண்ணு கூட இல்ல. ஒண்ணே ஒண்ணு விழுந்திருந்தா...

நான் போய்ப் படுக்கல. உங்க ஆட்டத்தையும் பாத்துட்டுத்தான் அழுவேன்.

தார்க்கால்_தமிழன் | 28 மார்ச் 2024, இரவு 9:33

எல்லாரும் பாத்துக்கோங்க. நான் வருஷம் பூரா சொன்னது இதைத்தான். 9க்கு 0! முக்கியமான நாள்ல பந்தை அவன் கையில கொடுத்தா இதான் கிடைக்கும். இப்போ பாருங்க எங்க ஆர்.ஜே.யை. அவன் பொறுமையா...

தார்க்கால்_தமிழன் | 29 மார்ச் 2024, நள்ளிரவு 12:16

மேல இருக்கிற என் பதிவை நீக்க முடியுமா நடத்துநர்?

நடத்துநர் | 29 மார்ச் 2024, நள்ளிரவு 12:18

முடியாது.

கேரி_கணேசன் | 29 மார்ச் 2024, நள்ளிரவு 12:40

89-87. அலபாமா. ஆர்.ஜே. 20க்கு 4. த்ரீ 9க்கு 0.

ரெண்டு தடவை சரிபாத்தேன். தப்பா எழுதலை. அதே அரங்கம், அதே ராத்திரி, மூணு மணி நேர வித்தியாசம். கேலப் 9க்கு 0, ஆர்.ஜே. 9க்கு 0. சீசன் பூரா லீக்குலயே சிறந்தவங்கன்னு பேர் வாங்கின ரெண்டு பேரும், சேர்ந்து ஆடின காலத்துல கூட இவ்வளவு ஒத்துமையா இருந்ததில்ல.

பையன் ஒண்ணும் பேசல. மாடிக்குப் போயிட்டான். சுவர்ல 4ம் நம்பர் ஜெர்சி தொங்குது.

டர்ஹம்_டேவிட் | 29 மார்ச் 2024, காலை 7:10

சனிக்கிழமை ரெண்டு பேரும் தோக்கணும்னு நான் கேட்டது விளையாட்டுக்கு. வியாழக்கிழமையே கொடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா.

மாலதி_அக்கா | 29 மார்ச் 2024, காலை 7:45

ஆர்.ஜே.யை யாராவது திட்டினீங்களா? ராத்திரி பூரா படிச்சுப் பாத்தேன், ஒரு பதிவு கூட இல்ல. "பாவம் பையன்", "எங்களுக்காக எவ்வளவு பண்ணினான்"னுதான் எழுதியிருக்கீங்க. கேலப் அதே 9க்கு 0 போட்டப்போ என்ன எழுதினீங்கன்னு மேல போய்ப் பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல.

தார்க்கால்_தமிழன் | 29 மார்ச் 2024, காலை 8:20

அக்கா, ஒருத்தன் வீட்டோட இருந்தான், ஒருத்தன் போயிட்டான். வீட்டோட இருக்குறவன் கண்ணாடியை உடைச்சா "கை தவறிடுச்சு"ன்னுதான் சொல்லுவோம். நியாயம் இல்லன்னு எனக்கும் தெரியும். ரசிகன்கிட்ட நியாயம் எதிர்பாக்குறதே தப்பு.

பழைய_பெஞ்ச் | 29 மார்ச் 2024, காலை 10:05

தமிழன் இன்று எழுதியதில் எனக்குச் சண்டை போட எதுவும் இல்லை. முதல் முறையாக.

பீனிக்ஸ்_பிரபா | 28 மார்ச் 2025, காலை 8:15

சரியா ஒரு வருஷம் கழிச்சு இந்த இழையைத் தூசி தட்டுறேன்.

நேத்து நியூவார்க்ல டியூக் 100, அரிசோனா 93. கேலப் 35 புள்ளி. கடைசி காலேஜ் ஆட்டம். எதிர்ல டியூக்கோட கூப்பர் ஃபிளாக் 30. இந்த வருஷம் ஐயோவா ஸ்டேட் கூட அரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து எறிஞ்சு ஓவர்டைமுக்கு இழுத்தானே, அன்னிக்கு நான் அரங்கத்துல இருந்தேன். பக்கத்து சீட் பாட்டி என்னைக் கட்டிப்பிடிச்சுட்டாங்க. யாருன்னே தெரியாது.

ரெண்டு வருஷம் எங்களுக்கு ஆடினான். ரெண்டு தடவையும் ஸ்வீட் 16ஓட, கடைசி பதினாறு அணியோட, சரி. இருந்தாலும் நான் புகார் சொல்ல மாட்டேன்.

டர்ஹம்_டேவிட் | 28 மார்ச் 2025, காலை 8:40

நாலாவது குவார்ட்டர்னு ஒண்ணு காலேஜ் ஆட்டத்துல கிடையாது, ஆனா எனக்கு நேத்து நாலு குவார்ட்டர் ரத்த அழுத்தம் இருந்துச்சு. 15 புள்ளிக்கு மேல முன்னாடி இருக்கோம், அவன் ஒவ்வொண்ணாப் போட்டுக்கிட்டே வர்றான். மனைவி, "இவன் அந்தப் பையன் தானே?"ன்னு கேட்டா. ஆமான்னேன். டிவியை விட்டு எழுந்து போயிட்டா.

முடிஞ்சதும் எழுந்து நின்னு கை தட்டினேன். தனியா, வரவேற்பறையில. எங்க கோச்சை அனுப்பி வச்சவனுக்கு. யார்கிட்டயும் சொல்லாதீங்க.

கேரி_கணேசன் | 28 மார்ச் 2025, காலை 9:02

பொதுவுல எழுதிட்டு யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னா எப்படி டேவிட்?

தார்க்கால்_தமிழன் | 30 ஏப்ரல் 2025, மாலை 6:30

செய்தி: நம்ம எலியட் கடோ மிச்சிகன் போறான். இவனுக்குக் கிரெடிட் எல்லாம் ஏறிடுச்சு போல.

எனக்குக் கோபம் வருமான்னு பத்து நிமிஷம் காத்திருந்து பாத்தேன். வரல. புது ஆள் யாரு வர்றாங்கன்னு போர்டல் பட்டியலைத் திறந்து பாத்துக்கிட்டிருக்கேன். என்னையும் கெடுத்துட்டாங்க.

பழைய_பெஞ்ச் | 8 ஜூன் 2025, காலை 10:20

நம் இழைக்குச் சம்பந்தமான செய்தி ஒன்று. போன வருடம் ஏப்ரலிலேயே, படிப்பில் சரியாக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் உட்காராமல் மாறலாம் என்று விதியை மாற்றினார்கள். அதற்கு முன்பே மேற்கு வர்ஜீனியாவில் ஒரு கோர்ட் தடை விதித்து, அவர்களுக்கு வேறு வழியில்லாமல் செய்துவிட்டது. இப்போது நேற்றுமுன்தினம், ஜூன் 6, இன்னொரு பெரிய வழக்கில் சமரசத்துக்கு நீதிபதி ஒப்புதல் கொடுத்துவிட்டார். கல்லூரிகளே நேரடியாக வீரர்களுக்குப் பணம் கொடுக்கலாம். முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து.

கேலப் லவ் 2023இல் கிளம்பியபோது நாம் "விசுவாசம்" என்ற வார்த்தையை எத்தனை முறை எழுதினோம் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு முறை கூட இல்லை. ஆனால் எல்லாப் பதிவிலும் அதுதான் ஒளிந்திருந்தது. சம்பளம் என்று வந்தபிறகு அதை எங்கே போய் ஒளித்துவைப்பது?

ஸ்காபரோ_சுதன் | 8 ஜூன் 2025, மதியம் 1:10

அப்ப இனி உதுவும் என்.பி.ஏ. மாதிரித்தான். நான் சொன்னனான் தானே, நன்றி சொல்லி அனுப்பிப் பழகுங்கோ எண்டு.

பீனிக்ஸ்_பிரபா | 20 ஜூலை 2025, மாலை 4:45

டிராஃப்ட்ல யாரும் எடுக்கல, தெரிஞ்சிருக்கும். போர்ட்லண்ட் டிரெயில் பிளேசர்ஸ் டூ-வே ஒப்பந்தம் கொடுத்திருக்காங்க. பாதி நாள் மேல என்.பி.ஏ.ல, பாதி நாள் கீழ் லீக்ல. அவன் ஆட்டம் மாதிரியே.

இன்னொண்ணு. அடுத்த மாசம் உங்க ஊர்ப்பக்கம் ரிசர்ச் டிரையாங்கிளுக்கு ஆபீஸ் வேலையா மூணு நாள் வர்றேன். 2024ல கட்டின பந்தயம் என்ன ஆச்சு கணேசன் அண்ணா? சனிக்கிழமை ஆட்டமே நடக்கல. நான் தோக்கவும் இல்ல, ஜெயிக்கவும் இல்ல.

கேரி_கணேசன் | 20 ஜூலை 2025, மாலை 5:20

ரெண்டு பேரும் வியாழக்கிழமையே தோத்ததால ஆளுக்குப் பாதி. நீங்க மட்டன் வாங்கிட்டு வாங்க, அரிசி, மசாலா, அடுப்பு நம்மது. வீட்டுக்காரி சரின்னுட்டா. மாலதி அக்கா தயிர்ப்பச்சடி, தமிழன் வாழையிலை. டேவிட் வெறுங்கையோட வரலாம், அவர் ஏற்கெனவே நிறையக் கொடுத்துட்டாரு.

சாப்பிட்டு முடிச்சதும் 2022 ஏப்ரல் 2 ஆட்டத்தோட கடைசி ரெண்டு நிமிஷம் டிவியில போடுவேன். ஏப்ரல் 4 கிடையாது.

டர்ஹம்_டேவிட் | 20 ஜூலை 2025, மாலை 5:26

அந்த ரெண்டு நிமிஷம் நான் வாசல்ல நின்னுக்கிறேன். எலும்பு மட்டும் எடுத்து வைங்க.